கேட்டலும் ஆசியும் தீர்ப்பும்: உபாகம உடன்படிக்கையின் அரசியற் பின்புலமும் வரலாற்றுச் சோதனையும்

முன்னுரை

எபிரேய மறைநூலின் ஐந்தாம் நூல் தமிழில் உபாகமம் என வழங்குகிறது. யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே, மோவாபு நாட்டுச் சமவெளியில் நின்று மோசே தம் மக்களுக்கு ஆற்றிய இறுதி உரைகளின் தொகுப்பாக அந்நூல் அமைந்துள்ளது. அதன் 28ஆம் இயலில் 68 வசனங்கள் உள்ளன. முதல் 14 வசனங்கள் இறைவனின் சொல்லைக் கேட்டு நடப்போர் பெறும் ஆசிகளைக் கூறுகின்றன. எஞ்சிய 54 வசனங்களும் கேளாதோர் மேல் வரும் சாபங்கள். ஆசிக்கு ஒரு பங்கும் சாபத்துக்கு ஏறத்தாழ நான்கு பங்கும் என்னும் இவ்வளவீடு முதன்முறை படிப்போரைத் திகைக்க வைக்கும். நோய், குருட்டுத்தன்மை, பஞ்சம், முற்றுகை, நாடுகடத்தல் எனத் தொடரும் அப்பட்டியல், அடிமைகளாகத் தம்மைத் தாமே விற்க முன்வந்தும் வாங்குவோர் இல்லாத நிலையில் சென்று முடிகிறது.

சமய உரையாசிரியர்கள் இவ்வியலுக்குக் காலந்தோறும் விளக்கம் கூறி வந்துள்ளனர். இக்கட்டுரை அதனை வரலாற்று நோக்கில் அணுகுகிறது. கீழ்ப்படிதலுக்கு ஆசி, மீறலுக்குத் தீர்ப்பு என்னும் சிந்தனை எத்தகைய அரசியற் சூழலில் இவ்வடிவத்தைப் பெற்றது என்பதும், நிகழ்ச்சிகள் அதற்கு மாறாக அமைந்தபோது அம்மரபினர் என் செய்தனர் என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

சொற்பொருள்

தமிழில் 'கீழ்ப்படிதல்' என்று நாம் சொல்லும்போது, ஒருவன் மற்றொருவனுக்குக் கீழே பணிந்து நிற்கும் காட்சி மனத்தில் எழுகிறது. எபிரேய மறைநூல் இவ்விடத்தில் பெரும்பாலும் ஆளும் சொல் 'ஷாமா' என்பதாகும். அதன் நேர்ப்பொருள் 'கேள்' என்பதே. இறைவனுக்குக் கீழ்ப்படிவது என்பது அம்மொழியில் இறைவனின் குரலைக் கேட்பதாகவே சொல்லப்படுகிறது. 'சொல் கேளாப் பிள்ளை' என்னும் நம் வழக்கு இதற்கு மிக நெருங்கியது. சீகன்பால்கு பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி, 1719இல் மறையும்போது ரூத் நூல் வரை முடித்திருந்தார். அவர் காலந்தொட்டுத் தொடர்ந்த தமிழ் விவிலிய மரபில் 'செவிகொடுத்தல்' என்னும் தொடர் பரவலாக இடம்பெற்றது இவ்வகையில் பொருத்தமானதே.

'உடன்படிக்கை' என்பதற்குரிய எபிரேயச் சொல் 'பெரித்'. அதனைச் 'செய்வதாக' அம்மொழியினர் கூறுவதில்லை, 'வெட்டுவதாக'க் கூறுவர். விலங்கொன்றை இரண்டாகப் பிளந்து, அத்துண்டுகளினூடே நடந்து உறுதிகூறும் சடங்கு எரேமியா 34ஆம் இயலில் குறிப்பிடப்படுகிறது. வாக்கு மீறினால் எனக்கும் இக்கதியே நேர்க என்பது அதன் உட்பொருள். சிரியாவின் செபீரே என்னுமிடத்தில் கிடைத்த கி.மு. 8ஆம் நூற்றாண்டு அரமேயக் கல்வெட்டு ஒப்பந்தத்திலும் கன்றொன்றை வெட்டிச் சபிக்கும் இதே முறை காணப்படுகிறது. ஆகவே, சாபம் என்பது உடன்படிக்கைக்குப் பின்னர் சேர்க்கப்பட்ட மிரட்டலன்று. அக்கால மேற்காசியாவில் உடன்படிக்கையின் உறுப்பே அதுதான்.

தன் மக்கள் மேல் சினங்கொள்ளும் தெய்வம் என்பதும் இசுரயேலருக்கு மட்டுமே உரிய கருத்தன்று. 1868இல் யோர்தானின் கிழக்கே திபான் என்னுமிடத்தில் கண்டறியப்பட்ட மேசா கல்வெட்டு கி.மு. 9ஆம் நூற்றாண்டினது. இசுரயேல் அரசன் ஓம்ரி மோவாபை நெடுங்காலம் ஒடுக்கியதற்குக் காரணம், மோவாபியரின் தெய்வமாகிய கெமோசு தன் நாட்டின் மேல் சினந்திருந்ததே என மோவாபு மன்னன் அதில் பொறித்துள்ளான். தோல்வியைத் தெய்வத்தின் தீர்ப்பாகக் காணும் இப்பார்வை, எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒன்றாகவே இருந்தது.

பேரரசின் உறுதிமொழி

கி.மு. 672இல் அசீரியப் பேரரசன் எசரத்தோன், தனக்குப் பின் தன் மகன் அசுர்பானிபால் அரியணை ஏறுவதை உறுதிசெய்யும் பொருட்டு, பேரரசின் குடிகளையும் சிற்றரசர்களையும் உறுதிமொழி ஏற்கச் செய்தான். அவ்வாவணத்தின் களிமண் பலகைகள் 1955இல் ஈராக்கின் நிம்ருத் நகரில், மேக்சு மல்லோவன் தலைமையிலான அகழாய்வில், துண்டு துண்டாகக் கிடைத்தன. டொனால்டு வைசுமன் அவற்றை ஒன்றிணைத்துப் படித்து 1958இல் வெளியிட்டார். ஏறத்தாழ 670 வரிகள் கொண்ட அந்நெடிய ஆவணம் உபாகம ஆய்வின் போக்கையே மாற்றியது.

அதற்கு முன்னரே, 1954இல், சார்சு மெண்டன்ஃகால் எபிரேய உடன்படிக்கையைக் கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டு இத்தியப் பேரரசின் ஒப்பந்தங்களோடு ஒப்பிட்டிருந்தார். வரலாற்று முன்னுரை, விதிகள், சாட்சிகள், இறுதியில் ஆசியும் சாபமும் என்னும் அமைப்பு இரண்டிலும் உண்டு. எனினும், சாபங்களின் சொற்களையும் வரிசையையும் நோக்கும்போது அசீரிய ஆவணமே மிக அணுக்கமானது. 1965இல் பிராங்கெனாவும் மோசே வைன்ஃபெல்டும் தனித்தனியே இதனை எடுத்துக்காட்டினர். அசீரிய ஆவணத்தில் நிலாத் தெய்வமாகிய சின் தோல்நோயைத் தருகிறான். அடுத்து, கதிரவனும் நீதித் தெய்வமுமாகிய சமாசு கண்ணொளியைப் பறிக்கிறான். தொடர்ந்து வரும் சாபங்களில் மனைவி பகைவன் வசமாகிறாள், வீடும் பொருளும் அயலான் கைக்குப் போகின்றன. உபாகமம் 28ஆம் இயலின் 27 முதல் 30 வரையிலான வசனங்களிலும் தோல்நோய், குருட்டுத்தன்மை, மனைவி, வீடு என்றே வரிசை அமைகிறது. அசீரியப் பலகையில் இவ்வரிசைக்குக் காரணமுண்டு. தெய்வங்களின் படிநிலையை அது பின்பற்றுகிறது. ஒரே கடவுளை மட்டும் கூறும் உபாகமத்தில் அக்காரணம் இல்லை. வரிசை மட்டும் நிற்கிறது. வானம் வெண்கலமாகவும் நிலம் இரும்பாகவும் ஆகுமென்ற சாபமும் இரண்டிலும் உண்டு.

சாபங்களைக் காட்டிலும் வியப்புக்குரியது அன்பு பற்றிய ஒப்புமை. அசுர்பானிபாலைத் தம்மைப்போலவே நேசிக்க வேண்டுமென்று அசீரிய உறுதிமொழி சிற்றரசர்களுக்கு ஆணையிடுகிறது. இறைவனை முழு உள்ளத்தோடு நேசிக்க வேண்டுமென்பது உபாகமத்தின் மையக் கட்டளை. அன்பு எவ்வாறு கட்டளையாக முடியும் என்று பல நூற்றாண்டுகளாக எழுந்த ஐயத்துக்கு, வில்லியம் மோரன் 1963இல் எழுதிய கட்டுரை விடை காட்டியது. இவ்விடங்களில் 'அன்பு' என்பது முதன்மையாக அரசியற் சொல். ஒப்பந்தத்தில் கையளிக்கப்படும் பற்றுறுதியைச் சுட்டுவது.

அவ்வாவணத்தை எருசலேமின் எழுத்தர்கள் அறிந்திருக்க வாய்ப்புண்டா? யூதாவின் மன்னன் மனாசே அசீரியாவுக்குத் திறை செலுத்தியவன். நினிவேயில் எழுப்பிய அரண்மனைக்குக் கட்டடப் பொருள்களை அனுப்பிய 22 மன்னர்களின் பட்டியலில் எசரத்தோன் அவன் பெயரையும் குறித்துள்ளான். 2009இல் துருக்கியின் டெல் தயினாத் மேட்டில், டொராண்டோ பல்கலைக்கழகக் குழுவினர் ஒரு கோயிலின் உள்ளறையில் இதே உறுதிமொழியின் மற்றொரு படியைக் கண்டெடுத்தனர்; 2012இல் அது பதிப்பிக்கப்பட்டது. நிம்ருத் பலகைகள் கீழ்த்திசைத் தலைவர்களுக்கு உரியவை. தயினாத் படியோ பேரரசின் மேற்கெல்லையைச் சேர்ந்தது. எருசலேமில் அத்தகைய பலகை எதுவும் கிடைக்கவில்லை. உபாகமம் இவ்வாவணத்தை நேரடியாகப் பின்பற்றியது என்பதைக் கார்லி குரவுச் போன்றோர் ஏற்பதில்லை; சாப மொழி அந்நிலப்பரப்பு முழுமைக்கும் பொதுவானது என்பது அவர்தம் வாதம். நேரடிக் கடனாயினும் பொதுவழக்காயினும், உபாகமத்தின் ஆசிரியர்கள் பேரரசின் மொழியில் பேசினர் என்பதில் ஐயமில்லை.

ஆணை இடம்மாறுதல்

அம்மொழியைக் கொண்டு அவர்கள் செய்ததே வரலாற்று முதன்மை வாய்ந்தது. உறுதிமொழி பெறும் இடத்தில் பேரரசன் நீங்கினான். அவ்விடத்தில் இசுரயேலின் கடவுள் அமர்ந்தார். நினிவேக்கு உரியதாக இருந்த முழுப் பற்றுறுதியும் அவருக்கு உரியதாயிற்று. அவ்வளவில் நில்லாமல், தம் சொந்த மன்னனையும் அவர்கள் கீழிறக்கினர். உபாகமம் 17ஆம் இயலின்படி, அரசன் குதிரைகளையும் மனைவியரையும் வெள்ளி பொன்னையும் பெருக்கிக்கொள்ளலாகாது. சட்டநூலின் படியொன்றைத் தனக்கென எழுதி வைத்து நாள்தோறும் படிக்க வேண்டும். சட்டம் இயற்றும் மன்னனை மேற்காசியா நன்கறியும். அமுராபியின் கற்றூண் அதற்குச் சான்று. சட்டத்தைப் படித்து அதற்கு அடங்க வேண்டிய மன்னன் புதியவன்.

ஆயினும், இவ்விடமாற்றத்தை விடுதலை என்று மட்டும் போற்றுவது பாதி உண்மையையே கூறுவதாகும். பேரரசின் கடுமையும் உடன் வந்தது. அரச குலத்துக்கு எதிரான சொல்லைத் தன் உடன்பிறந்தான், மகன், மகள், இறைவாக்கினன் ஆகிய எவர் வாயிலாகக் கேட்டாலும் மறைக்கலாகாது என்று அசீரிய உறுதிமொழி கூறுகிறது. உபாகமம் 13ஆம் இயலும் இறைவாக்கினன், உடன்பிறந்தான், மகன், மகள், மனைவி, உயிர்நண்பன் என அடுக்குகிறது. பிற தெய்வங்களைத் தொழ அழைப்பவர் எவராயினும், முதற்கல்லை எறிய வேண்டியவர் அவ்வழைப்பைக் கேட்டவரே. ஒற்றாடலை நாடிய ஒரு பேரரசின் அச்சம், ஒரு சமூகத்தின் வழிபாட்டு விதியாகியது. அசீரியா மறைந்து நெடுங்காலத்திற்குப் பின்னும் அவ்விதி மறைநூலில் நிலைத்துவிட்டது.

ஆசியின் மொழி அனைத்தும் இத்தகைய நிபந்தனைக்கு உட்பட்டதன்று. 1979இல் எருசலேமின் கேத்தேப்பு இன்னோம் கல்லறைக் குகையில் கபிரியேல் பர்க்காய் இரு சிறு வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தார். எண்ணாகமம் 6ஆம் இயலில் வரும் குருக்களின் ஆசிமொழி அவற்றில் கீறப்பட்டுள்ளது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த அவை, மறைநூற் பகுதிகளைத் தாங்கிய எழுத்துச் சான்றுகளுள் இன்று நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழமையானவை. தாயத்தாக அணியப்பட்டு, இறந்தவரோடு புதைக்கப்பட்ட அவ்வாசியில் 'நீ கேட்டால்' என்னும் முற்கூறு இல்லை. ஆனால், சுருள்களுள் ஒன்றில், தம்மை நேசித்துக் கட்டளைகளைக் காப்போருக்கு உடன்படிக்கையைக் காக்கும் இறைவன் என்ற கருத்தும் காணப்படுகிறது. அதன் சொற்கள் உபாகமம் 7ஆம் இயலை ஒத்தவை. எழுத்தர்களின் இறையியலும் எளிய மக்களின் காப்புநாட்டமும் விரலளவு வெள்ளித்தகட்டில் அருகருகே இருந்தன.

யோசியாவின் நூல்

கி.மு. 622இல், யோசியா மன்னனின் 18ஆம் ஆட்சியாண்டில், எருசலேம் கோயிலைப் பழுதுபார்க்கும்போது தலைமைக் குரு இல்க்கியா சட்டநூல் ஒன்றைக் கண்டதாக அரசர்கள் இரண்டாம் நூலின் 22ஆம் இயல் கூறுகிறது. எழுத்தன் சாப்பான் அதனைப் படிக்கக் கேட்ட மன்னன் தன் ஆடையைக் கிழித்துக்கொண்டான். அவ்வேட்டின் பொருளை உசாவ உல்தாள் என்னும் பெண் இறைவாக்கினரிடம் ஆளனுப்பினான். அந்நூல் உபாகமத்தின் பழைய வடிவமே என்னும் கருத்தை 1805இல் செருமானிய அறிஞர் தே வெட்டே வலியுறுத்தினார். இன்றும் பெரும்பாலான ஆய்வுகளின் தொடக்கப்புள்ளி அதுவே.

தொடர்ந்து யோசியா நாட்டின் மேடைக் கோயில்களை இடித்தான். பெத்தேலின் பலிபீடத்தைத் தகர்த்தான். வடபுலத்துக் குருக்கள் பலரைக் கொல்வித்தான். அசீரியா தளர்ந்துகொண்டிருந்த காலம் அது, கி.மு. 612இல் நினிவே வீழ்ந்தது. முழு உள்ளத்தோடும் முழு ஆற்றலோடும் இறைவனிடம் திரும்பியவன் என்று, உபாகமத்தின் அன்புக் கட்டளையின் சொற்களைக் கொண்டே நூலாசிரியர் யோசியாவைப் பாராட்டுகிறார். வேறெந்த அரசனுக்கும் இப்பாராட்டுக் கிட்டவில்லை. உபாகமத்தின் கணக்குப்படி நெடுவாழ்வும் வெற்றியும் அவனுக்கே உரியன.

கி.மு. 609இல் எகிப்திய மன்னன் இரண்டாம் நேகோ, எஞ்சியிருந்த அசீரியப் படைக்குத் துணையாக வடக்கே சென்றான். மெகிதோவில் அவனை எதிர்கொண்ட யோசியா கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு வயது 39. அமைதியோடு கல்லறை சேர்வான் என்று உல்தாள் அவனுக்கு வாக்களித்திருந்தார். அவன் பாட்டன் மனாசேயோ, அயல்வழிபாடுகளை எருசலேம் கோயிலுக்குள்ளேயே கொணர்ந்தவன் என அதே நூலால் கடுமையாகக் கண்டிக்கப்பட்டவன். 55 ஆண்டுகள் ஆண்டான். யூதாவின் மன்னர் எவரும் அத்துணை நீண்டகாலம் ஆளவில்லை.

இருவேறு வரலாற்றாசிரியர்கள்

யோசுவா முதல் அரசர்கள் வரையிலான நூல்கள் உபாகமச் சிந்தனையால் கோக்கப்பட்ட ஒரே வரலாறு என்று 1943இல் மார்ட்டின் நோத் நிறுவினார். மன்னர் ஒவ்வொருவரையும் அவ்வளவுகோலால் அளந்து தீர்ப்பெழுதும் அவ்வாசிரியர், மெகிதோவில் மட்டும் சொல்லிழக்கிறார். யோசியாவின் சாவு ஓரிரு தொடர்களில் முடிகிறது, காரணம் கூறப்படவில்லை. கி.மு. 586இல் எருசலேம் எரிந்ததற்கு மனாசேயின் பாவமே காரணமென அவர் எழுதுகிறார். பாட்டன் செய்த பிழைக்குப் பேரனின் நேர்மையும் ஈடாகவில்லை என்பது அதன் பொருள்.

பாரசீகர் காலத்திலோ அதன் பின்னரோ எழுதப்பட்ட குறிப்பேடு நூல்களின் ஆசிரியர் இவ்விரு முடிச்சுகளையும் அவிழ்த்துவிடுகிறார். அவர் கூற்றில் மனாசே விலங்கிடப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்படுகிறான், அங்கு மனந்திரும்பி மன்றாடுகிறான், அரியணை மீள்கிறது. நெடிய ஆட்சிக்கு இவ்வாறு தகுதி பிறக்கிறது. யோசியாவோ, நேகோவின் வாய்வழி வந்த இறைவனின் எச்சரிக்கையைக் கேளாமல் போரிட்டு மடிகிறான். 'கேளாமை' என்னும் குற்றம் கிடைத்துவிட்டது, கணக்கும் நேராகிவிட்டது. அசீரிய மன்னனின் பட்டியலில் மனாசே பணிவுள்ள திறையாளனாகவே தோன்றுகிறான். அவன் சிறைப்பட்ட செய்தி அரசர்கள் நூலில் இல்லை. கோட்பாட்டுக்கு ஏற்ப வரலாற்றைத் திருத்தியவரைக் காட்டிலும், கோட்பாட்டைக் கைவிடாமலும் உறுத்தும் செய்தியை மறைக்காமலும் எழுதிய முன்னவரே நல்ல வரலாற்றாசிரியர் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இதைவிடக் கூர்மையான மறுப்பு எரேமியா 44ஆம் இயலில் உள்ளது. நகரம் வீழ்ந்தபின் எகிப்தில் அடைக்கலம் புகுந்த யூதர்களை எரேமியா கண்டிக்கிறார். வானரசி என்னும் பெண்தெய்வத்துக்குத் தூபமிட்டதே அழிவுக்குக் காரணமென்கிறார். அங்குள்ள ஆண்களும் பெண்களும் அவர் முகத்துக்கு நேரே மறுமொழி கூறுகின்றனர். வானரசிக்குப் படைத்த நாள்களில் உணவுக்குக் குறைவில்லை. அதனை நிறுத்திய நாள்முதல் வாளாலும் பஞ்சத்தாலும் அழிகிறோம் என்பது அவர்தம் வாதம். நிறுத்தியது எப்போது என்பதை அவர்கள் கூறவில்லை. யோசியாவின் சீர்திருத்தத்தையே சுட்டினர் எனப் பல அறிஞர் கருதுவர். ஆசியும் தீர்ப்பும் வழிபாட்டின் விளைவே என்னும் அடிப்படையில் இருதரப்பினரும் ஒன்றுபடுகின்றனர். கணக்கேடு ஒன்றே; வரவும் செலவும் தலைகீழாக எழுதப்படுகின்றன. மறுதரப்பின் இவ்வாதத்தை எரேமியா நூலைத் தொகுத்தவர்கள் நீக்கிவிடவில்லை.

நாடுகடந்தோரிடையே வேறொரு குறையும் எழுந்தது. தந்தையர் தின்ற புளித்த திராட்சையைப் பற்றிய பழமொழி ஒன்றை மக்கள் கசப்போடு வழங்கினர். முன்னோர் பிழைக்குத் தாம் வாடுவதாக அதன்மூலம் முறையிட்டனர். எசேக்கியேல் 18ஆம் இயலில் அப்பழமொழியை இனி வழங்கலாகாது என்கிறார்: தந்தையின் குற்றம் மகனைச் சாராது, மகனின் குற்றம் தந்தையைச் சாராது. அரசர்கள் நூல் மனாசேயைக் கொண்டு தந்த விளக்கத்தையே இது மறுக்கிறது. பின்னர் எழுந்த யோபு நூல் இன்னும் ஒருபடி சென்று, குற்றமற்ற ஒருவனின் துன்பத்தை எடுத்துக்கொள்கிறது. உபாகமக் கோட்பாட்டைச் சற்றும் பிழையின்றி ஒப்புவிக்கும் நண்பர்களே அந்நூலின் இறுதியில் இறைவனால் கடியப்படுகின்றனர்.

பாபிலோனின் எண்ணெய்ப் பட்டியல்

அரசர்கள் நூல் முடியும் இடமும் இங்கு நோக்கத்தக்கது. கி.மு. 597இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட யூதா மன்னன் யோயாக்கீன், 37ஆம் ஆண்டில் சிறையினின்று விடுவிக்கப்பட்டான். பாபிலோனிய அரசனின் பந்தியில் உணவுண்ண அவனுக்கு இடமளிக்கப்பட்டது. நூல் அத்துடன் நின்றுவிடுகிறது. அவனது ஆட்சியை முன்னரே கண்டித்திருந்த ஆசிரியர், இவ்விடுதலை அருளின் தொடக்கமா, வெறும் அயலரசனின் தயவா என்பது குறித்து ஒரு சொல்லும் எழுதவில்லை. கோல்டவே பாபிலோனில் நிகழ்த்திய அகழாய்வில் கிடைத்த களிமண் பலகைகளை 1939இல் வைட்னர் வெளியிட்டார். அரண்மனைக் கிடங்கிலிருந்து எண்ணெய் பெறுவோரின் பட்டியல்கள் அவை. அவற்றுள் ஒன்று கி.மு. 592ஆம் ஆண்டுக்குரியது. அப்பட்டியல்களில், யூதாவின் அரசன் என்னும் பட்டத்தோடு யோயாக்கீனின் பெயரும், அவனுடைய ஐந்து மகன்களுக்குரிய பங்கும் குறிக்கப்பட்டுள்ளன.